அடையவளஞ்சான் வீதியில் ஒரு ஜெர்மன் தள்ளுவண்டி

1

இன்று காலை என் மகளின் தள்ளுவண்டிச் சக்கரம் டிராம் தண்டவாளப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. லைப்ஸிக் நகரத்து டிராம்கள் யாருக்காகவும் நிற்பவை அல்ல. இன்று எனக்காக ஒன்று நின்றது. ஓட்டுநர் மணியடித்தார். நான் இழுத்தேன். சக்கரம் வரவில்லை, அதைப் பிடித்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் மூடி மட்டும் கையோடு வந்தது. கயல் உள்ளே உட்கார்ந்துகொண்டு, இதெல்லாம் தனக்காக ஏற்பாடு செய்யப்பட்ட நிகழ்ச்சி என்று கை தட்டினாள்.

நீலக் கோட் போட்ட ஒரு பெண்மணி ஓடிவந்து முன்பக்கத்தைத் தூக்கிக்கொடுத்தார். நடைபாதைக்கு வந்து சேர்ந்ததும் அறிவுரையைத் தொடங்கினார். இந்த நாட்டில் உதவி இலவசம், அறிவுரை கட்டாயம்.

“நகரத்துக்குள் தினமும் ஓட்ட இவ்வளவு மெலிசான வண்டியா? நல்ல உறுதியானதாக ஒன்று வாங்கியிருக்கலாமே.”

“வாங்கினேன்” என்றேன்.

“அது எங்கே?”

என் ஜெர்மன் ஓரளவுக்குத்தான் தாங்கும். வாடகை ஒப்பந்தம், காய்ச்சல், குப்பையைப் பிரித்துப் போடும் முறை, இவை வரைக்கும் தாங்கும். அந்த வண்டி எங்கே என்று சொல்வதற்கு ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குவது, துண்டு காயும் வாக்கர், மில்லுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டே இருந்த அரிசி என்று வரிசையாக விளக்க வேண்டும். “ஊரில் இருக்கிறது” என்று முடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், காரை ஊரில் விட்டுவிட்டு நகரத்துக்குள் நொண்டியடித்து வருகிறவளைப் பார்க்கும் இரக்கம் இருந்தது.

அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு ஸ்ரீரங்கத்து அடையவளஞ்சான் வீதி என்றால் என்னவென்று தெரியும். பாதி வேலை மிச்சம்.

2

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அலமாரிக் கதவுகளின் கீல்களைச் சோதிக்கும் பொறியாளர் நான். ஒரு இயந்திரம் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டே இருக்கும். கீல் எப்போது கைவிரிக்கிறது என்று பார்ப்பேன். அம்மா இதை “கதவு தொறந்து மூடுற வேலை” என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தாள். உறையூரில் என் மாமனார் வீட்டுப் பக்கத்தில் ரொம்ப நாள் என்னை வாட்ச்மேன் என்றே நினைத்திருந்தார்களாம்.

இப்படிப்பட்டவள் கர்ப்பமானால் என்ன செய்வாள்? தள்ளுவண்டி ஆராய்ச்சி செய்வாள். பெயர் யோசிக்கவில்லை, ஆஸ்பத்திரி பார்க்கவில்லை. சக்கரத்தின் விட்டம், அச்சின் கனம், அதிர்வைத் தாங்கும் சுருள், கைப்பிடியின் உயரம் என்று கணினியில் ஓர் அட்டவணை போட்டு, அதற்கு வண்ணமும் அடித்தேன். எங்கள் தெரு கருங்கல் பாவியது. ஒவ்வொரு கல்லும் தனிக் கொள்கையோடு நிற்கும். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. டிராமின் படிக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு பூனை விழுகிற அளவுக்கு இடைவெளி. இத்தனைக்கும் ஈடுகொடுக்கிற வண்டி வேண்டும்.

என் கணவன் பிரபு உறையூர்க்காரன். எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் தூக்கிப் பார்ப்பான். கடையில் நான் காட்டியதைத் தூக்கியவன் அப்படியே இறக்கி வைத்துவிட்டான்.

“என்னடி இது, டிராக்டர் மாதிரி இருக்கு. பின்னாடி நெல்லு மூட்டை ஏத்தலாம் போல.”

“ஏத்தலாம். தாங்கும்.”

“மூணு மாடி யாரு தூக்குறது?”

“நீதான்.”

அவன் குடை போல மடிகிற ஒரு மெல்லிய வண்டியைக் காட்டினான். எங்களுக்குள் தீர்ப்பு வரவில்லை. ஸ்ரீரங்கத்துக்கு வீடியோ கால் போட்டேன். திருச்சி ஜங்ஷனில் டிடிஆராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்குச் சக்கரம் உள்ள எதைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு.

“ரெண்டையும் ஆட்டிக் காட்டு” என்றார்.

குடை வண்டியின் கைப்பிடியைப் பிடித்து உலுக்கினேன். கடைக்காரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

“லொடலொடங்குது. ஓடுற ரயில்ல இது நிக்காது. அடுத்தது.”

டிராக்டரை உலுக்கினேன். அசையவில்லை. நான்தான் அசைந்தேன்.

“இது வண்டி! பிரேக் எங்க இருக்கு, கால்லயா கையிலயா?”

“கைப்பிடியிலேயே இருக்குப்பா.”

“அப்ப யோசிக்காத. பிரேக் கைக்குள்ள இருக்கணும். வாங்கிடு.”

அதற்குள் அம்மா கேமராவுக்குள் பாதி முகத்தை நுழைத்துவிட்டாள். “யாருடி வாங்கப் போறது? புள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஊக்கு கூட வாங்கக் கூடாது. தெரியுமா தெரியாதா?”

தெரியும். ஆனால் இந்த நாட்டில் வண்டிக்கு இப்போது சொல்லிவைத்தால்தான் சில மாதம் கழித்துக் கையில் கிடைக்கும். பிறந்த பிறகு சொன்னால் வண்டி வரும்போது குழந்தை அதைத் தானே தள்ளிக்கொண்டு வரும். அம்மாவின் பேச்சைக் கடைக்காரம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள் அவரே சொன்னார்: “வண்டி வந்தாலும் நாங்களே வைத்திருப்போம். குழந்தை பிறந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். காலி வண்டியை முன்கூட்டி வீட்டுக்குள் கொண்டுபோவதை இங்கே நிறையப் பேர் விரும்புவதில்லை.”

அம்மாவும் லைப்ஸிக் கடைக்காரம்மாவும் ஒரே பஞ்சாங்கம் பார்க்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. மொழிபெயர்த்துச் சொன்னேன். “பாத்தியா, வெள்ளக்காரிக்கே தெரிஞ்சிருக்கு” என்று அம்மா வெற்றியோடு கேமராவிலிருந்து விலகினாள்.

3

அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் போதும். வேலையில் இருந்த காலமெல்லாம் ஓடும் ரயிலில் எதையும் பிடிக்காமல் நடந்தவர். பெட்டி எப்படி ஆடினாலும் ஒரு கையில் சார்ட், ஒரு கையில் பேனா. மூன்றாவது கை இருந்திருந்தாலும் கம்பியைப் பிடித்திருக்க மாட்டார். ஓய்வு பெற்ற பிறகு ஆடுகிற வேறெதுவும் கிடைக்காததால் டவுன் பஸ்ஸில் அதைத் தொடர்ந்தார். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து வரும் ஒன்றாம் நம்பர் பஸ் ராஜகோபுரம் நிறுத்தத்தில் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிடுவார். நின்ற பஸ்ஸிலிருந்து இறங்குவது அவரைப் பொறுத்தவரை பயணிகள் செய்கிற வேலை.

நான் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது ஒருநாள் அப்படி இறங்கினார். பஸ் போய்விட்டது, இவர் எழுந்திருக்கவில்லை. இடுப்பு எலும்பில் விரிசல். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். எனக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வருவதற்காக அம்மா எடுத்திருந்த விமான டிக்கெட்டை ரத்து செய்தோம்.

தகடு நன்றாகச் சேர்ந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், வாக்கர் பிடித்துக்கொண்டு. அலுமினியத்தில் நாலு கால் வைத்த அந்தப் பொருளை வாங்கி வந்தார்கள். அப்பா ஒருமுறை அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

“இத புடிச்சிட்டு வீதியில போனா என்ன சொல்வாங்க? டிடிஆருக்கு மொத்தம் ஆறு காலுன்னு சொல்வாங்க.”

அதோடு வாக்கர் துண்டு காயப்போடும் கம்பியாகிவிட்டது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பார். வெளியே என்றால் கேட் வரைக்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு செய்தித்தாள், போகிறவர் வருகிறவர் மேல் விமர்சனம். வாக்கர் இல்லாமல் வீதியில் இறங்க பயம், வாக்கரோடு இறங்க வெட்கம். பயத்தை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். மாதங்கள் போயின. அம்மா ஒருநாள் போனோடு சமையலறைக்குள் போய்க் குரலை இறக்கிச் சொன்னாள்.

“கால் தொடை சூம்பிட்டே வருதுடி. இப்படியே உக்காந்திருந்தா அப்புறம் நடக்கணும்னு நெனச்சாலும் முடியாதுன்னு டாக்டர் என்கிட்ட தனியா சொல்லிட்டாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீயாச்சும் சொல்லேன்.”

சொன்னேன். “பாத்துக்கலாம்மா” என்றார். ரயில்வேயில் பாத்துக்கலாம் என்றால் கோப்பு மூடப்பட்டது என்று அர்த்தம்.

இந்தப் பக்கம் கயல் பிறந்தாள். அம்மா வரவில்லை, வண்டி வந்தது. பிரபு வேலைக்குப் போன பிறகு நானும் குழந்தையும் அந்த டிராக்டரும்தான். ஊர் ஏக்கம் பற்றி உருக்கமாக எழுத எனக்கு வராது. ஆனால் இதைச் சொல்வேன். சாயங்காலம் நாலு மணிக்கே வெளிச்சம் போய்விடுகிற குளிர்காலத்தில், இவளை வண்டியில் வைத்துக் கல் தெருவில் தடதடவென்று தள்ளிக்கொண்டு போகும்போது மட்டும் நான் ஒழுங்காக மூச்சு விட்டேன். கைப்பிடியைப் பிடித்திருந்தேனா, அது என்னைப் பிடித்திருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இடையில் கட்டட நிர்வாகம் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தக் கூடாது, தீ விபத்தில் வழி மறிக்கும் என்று நோட்டீஸ் ஒட்டியது. எதிரே இருந்த கிழட்டு சைக்கிள்கள் தீப்பிடிக்காதவை போலிருக்கிறது, அவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. பிரபு முணுமுணுத்துக்கொண்டே மூன்று மாடி தூக்கினான்.

4

கயலுக்குப் பத்து மாதம் ஆனபோது, சமயபுரத்தில் மொட்டை போட்டுக் காது குத்துவதற்காக ஊருக்கு வந்தோம். தை மாதம். வண்டியையும் கொண்டுவந்தேன். பிரபு வேண்டாம் என்றான். எல்லோரும் வேண்டாம் என்றார்கள். எனக்கு ஓர் ஆசை: என் ஊரில், நான் பள்ளிக்கு நடந்த வீதியில், யார் துணையும் இல்லாமல் என் மகளைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று வர வேண்டும். லைப்ஸிக்கில் செய்வதை ஸ்ரீரங்கத்தில் செய்ய முடியாதா என்ன?

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இஸ்திரிப்பெட்டிக்குள்ளும் செருப்புக்குள்ளும் தங்கம் வருகிற ஊர். வண்டிச் சட்டத்தில் இவ்வளவு பருத்த குழாயைப் பார்த்தால் அவருக்குத் தோன்றத்தானே செய்யும். விரலால் தட்டிப் பார்த்தார்.

“உள்ள என்னம்மா இருக்கு?”

“காத்துதான் சார்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

பிரபு கயலைத் தூக்கிக் காட்டினான். “எங்ககிட்ட இருக்கற தங்கம் இது ஒண்ணுதான் சார்.”

இப்படி ஒரு வசனத்துக்கு விமானத்திலேயே திருப்பி அனுப்பியிருக்கலாம். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்கு டூட்டி கிடையாது, போங்க போங்க.”

வீட்டு வாசலில் வண்டியை விரித்ததும் அம்மா இடுப்பில் கை வைத்தாள். “ஏன்டி, இதுல கடலை வறுத்து விக்கப் போறியா?” அப்பா நாற்காலியில் இருந்தபடியே டயரை அமுக்கிப் பார்த்தார். காற்றடைத்த டயர். திருப்தியாகத் தலையாட்டினார். நேரில் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது: வேட்டிக்குள் இடது கால் வலது காலின் தம்பி மாதிரி இருந்தது.

5

மறுநாள் சாயங்காலம் கயலை வண்டியில் உட்காரவைத்து பெல்ட் போட்டேன்.

“புள்ளைய தூக்கிட்டுப் போனா உன் இடுப்பு தேஞ்சிடுமா?” என்றாள் அம்மா.

“அங்க தினமும் இப்படித்தான் போறேன்.”

“அங்க தூக்க ஆளில்ல. இங்க ஒரு வீதியே இருக்கு.”

காதில் வாங்காமல் கேட்டைத் தாண்டினேன். என் தனிநடை எதிர் வீட்டோடு முடிந்தது. அங்கே இருக்கும் கோமதி அக்கா, நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னையே தூக்கிச் சுமந்தவர். கோலப்பொடி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“ஐயையோ! புள்ளைய ஏன் சுபா கட்டிப் போட்டிருக்க? என்ன தப்பு பண்ணிச்சு?”

அந்த பெல்ட்டின் கொக்கியைக் கழற்ற எனக்கு ஒரு வீடியோ தேவைப்பட்டது. கோமதி அக்காவுக்கு ஒரு நொடி. கயல் அவர் இடுப்பில் ஏறிவிட்டாள். பழக்கமில்லாத குழந்தை, அழுவாள் என்று நினைத்தேன். அவள் கோமதி அக்காவின் மூக்குத்தியைப் பிடித்து ஆராய்ந்தாள். அதற்குள் பக்கத்து வீட்டு ஜன்னலில் இருந்து “இங்க கொண்டா, இங்க கொண்டா” என்று குரல். அக்கா கொண்டுபோனார். நான் பின்னாலேயே ஓடினேன். உற்சவர் புறப்பாட்டில் வீட்டுக்கு வீடு நிறுத்தி மண்டகப்படி செய்வார்களே, அந்த மாதிரி. இங்கே சுவாமி முன்னால் போய்விட்டார், தேர் தெருவில் தனியாக நின்றது.

நிற்கவில்லை என்பதுதான் விஷயம். நான் பிரேக் போட மறந்திருந்தேன். கீல் சோதிக்கும் பொறியாளர். வீதி அந்த இடத்தில் சாக்கடைப் பக்கம் கொஞ்சம் சரியும். வண்டி தானாகவே நகர ஆரம்பித்தது. தெருமுனையிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வேறு வந்துகொண்டிருந்தது.

“ஏய் வண்டி! வண்டி போவுது பாரு!” என்று அப்பாவின் குரல். திரும்பினேன். அப்பா நாற்காலியில் இல்லை. கேட்டுக்கு வெளியே, வீதியில், விந்தி விந்தி நாலு எட்டு வைத்துக் கைப்பிடியை எட்டிப் பிடித்து பிரேக்கை அழுத்திவிட்டார். ஆட்டோக்காரன் ஒரு வளைவு வளைத்துவிட்டுப் போனான்.

அதன் பிறகுதான் அப்பாவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது புரிந்தது. பின்னால் கேட்டைப் பார்த்தார். இடையில் பிடித்துக்கொள்ளச் சுவரில்லை. கையில் இருப்பது கைப்பிடி ஒன்றுதான். நான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கக் காலெடுத்தேன். வாசலில் தோசைத் திருப்பியோடு நின்ற அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

நின்றேன். கோமதி அக்கா அப்பாவின் காலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைவிட வேகமான ஆள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சத்தமாகச் சொன்னார்:

“சுபா, டீச்சர் வீட்ல புள்ளைய பாக்கணும்னு சொல்லிட்டே இருந்தாங்க. வா, காட்டிட்டு வந்துடுவோம். டிடிஆர் சார், அந்த வண்டிய இப்படி எடுத்துட்டு வந்துடுங்க, வழியில நிக்குது.”

டீச்சர் வீடு இன்னும் நாலு வீடு தள்ளி. அப்பா ஒரு கணம் யோசித்தார். பிரேக்கை விட்டார். “வண்டிய நடுத்தெருவுல விட்டுட்டுப் போற பழக்கம் எந்த ஊர்ல கத்துக்கிட்டா இவ” என்று என்னைத் திட்டிக்கொண்டே தள்ள ஆரம்பித்தார். திட்ட ஆரம்பித்தால் அவருக்குக் கால் நினைவிருக்காது. டீச்சர் வீடு வரைக்கும் திட்டு தாங்கியது.

வீட்டுக்குத் திரும்பியபின் யாரும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அம்மா மட்டும் அவர் தட்டில் கேட்காமலே இன்னொரு தோசை போட்டாள்.

6

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, காரணம் பொறியியல். இந்த வண்டியில் ஒரு சிக்கல் உண்டு: உள்ளே குழந்தை இருந்தால் பாரம் நடுவில் நிற்கும். காலி வண்டியின் கைப்பிடியில் ஒரு ஆள் சாய்ந்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். தள்ளுகிறவர் மல்லாந்து விழுவார். உள்ளே குழந்தையை உட்காரவிட வீதி சம்மதிக்காது. அப்படியானால் வேறு பாரம் வேண்டும்.

காலையில் பத்து கிலோ அரிசிப் பையை இருக்கையில் வைத்து, கயலின் பெல்ட்டையே அதற்கும் போட்டு, கைப்பிடியில் நன்றாகச் சாய்ந்து பார்த்தேன். முன்சக்கரம் தரையை விடவில்லை. பிரபுவையும் சாயச் சொன்னேன். அப்போதும் விடவில்லை.

“டிராக்டர்னு சொன்னதுக்கு மன்னிப்பு கேக்கறேன்” என்றான் வண்டியிடம்.

தெரிந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தியிடமும் கேட்டேன். “இதெல்லாம் வாக்கர் ஆகாது, நான் எழுதித் தர மாட்டேன். ஆனா உங்கப்பா வாக்கர புடிக்க மாட்டார்னா, யாராச்சும் பக்கத்துலயே போங்க” என்றாள்.

சாயங்காலம் அப்பா அரிசிப் பையைப் பார்த்தார். “இது எதுக்கு?”

“மில்லுக்குப் போகுதுப்பா. மாவு அரைக்கணும்னு அம்மா சொன்னா. போற வழிதானே.”

“ம்” என்றார்.

அன்றிலிருந்து அதுதான் தினசரி ஊர்வலம். முன்னால் கயல், யாராவது ஒருவர் இடுப்பில். நடுவில் குழந்தையைத் திரும்ப வாங்குவதற்காகக் கெஞ்சுவதுபோல் நடித்துக்கொண்டு நான். பின்னால் அப்பா, பெல்ட் போட்ட அரிசியோடு. அவருக்குப் பக்கத்தில் பிரபு, செல்போனில் பேசுவதுபோல், கைக்கெட்டும் தூரத்தில். வீதி முழுக்கச் சதியில் இருந்தது. யாரும் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. ஒருநாள் டீச்சர் வீட்டோடு நின்ற மண்டகப்படி, மறுநாள் பால் பூத் வரை போனது. அப்புறம் பூக்கடை. அப்புறம் தெற்கு மூலை. கோமதி அக்கா காதோரம் கிசுகிசுப்பார்: “நாளைக்கு மூலை திரும்பிடலாமா? அங்க என் நாத்தனார் வீடு இருக்கு. நல்லா இழுத்து வெச்சுப் பேசுவா.”

எனக்கு இன்னொரு கலவரமும் உள்ளே ஓடியது. லைப்ஸிக்கில் யார் தொட்டாலும் சுருங்குகிற என் மகள், இங்கே கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே இரண்டு கையையும் மேலே தூக்கப் பழகிவிட்டாள். நானோ கடையில் மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டு “டாங்கே” என்று ஜெர்மனில் நன்றி சொல்லிவிட்டு அசடு வழிந்தேன். யார் எந்த ஊர்க்காரி என்று எங்கள் இரண்டு பேருக்கும் குழப்பம். அப்பாவுக்கு மட்டும் குழப்பமில்லை. மூலையில் வண்டியைத் திருப்பும்போது பிரேக்கை லேசாகப் பிடித்து, தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கவனத்தோடு திருப்புவார். அடையவளஞ்சான் வீதி கோயிலைச் சுற்றுகிற வீதி. விடாமல் நடந்தால் அது நம்மை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடும். இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் அவர் அதையும் முடித்துவிடுவார் என்று தோன்றியது.

ஆனால் எங்களுக்கு விடுமுறை முடிந்தது.

7

கிளம்பும் நாள் காலையில் பெட்டிகள் கட்டியாகிவிட்டன. வண்டியை மடிக்கவில்லை. அது வாசலில் நின்றது. எப்படி ஆரம்பிப்பது என்று நாலைந்து பொய் தயாரித்து வைத்திருந்தேன். விமானத்தில் எடை அதிகம், லைப்ஸிக்கில் வைக்க இடமில்லை, இப்படி.

“அப்பா, வண்டிய இங்கயே விட்டுட்டுப் போறோம். ஃப்ளைட்ல வெயிட்டு...”

“வரும்போது மட்டும் பஞ்சா இருந்துச்சா?”

அப்பா செய்தித்தாளை மடித்துத் தொடையில் வைத்தார்.

“ஏம்மா, நான் ரயில்ல எத்தனை வருஷம் இருந்தேன்? டிக்கெட் எடுக்காதவன் கண்ண மூடிட்டுத் தூங்கற மாதிரி நடிப்பான். நான் கதவுகிட்ட நின்னே கண்டுபிடிச்சிடுவேன். உங்க முழிய கண்டுபிடிக்க மாட்டனா?”

பிரபு மெதுவாக வீட்டுக்குள் போய்விட்டான்.

“ஒரே அரிசிய தினமும் மில்லுக்குக் கொண்டு போறீங்க, அப்படியே திருப்பிக் கொண்டு வர்றீங்க. அந்த மில்லுல கரண்டே வராதா?”

உள்ளேயிருந்து அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

“அப்ப ஏன்ப்பா ஒண்ணும் சொல்லல?”

அப்பா வீதியைப் பார்த்தார். “எல்லாரும் இவ்ளோ கஷ்டப்பட்டு நடிக்கிறீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.” அப்புறம் வண்டியைப் பார்த்து, “புள்ளையும் போயிட்டா, காலி வண்டிய தள்ளிட்டுப் போனா பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?” என்றார். கேலி இல்லாமல் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு என் அட்டவணையில் கட்டமே இல்லை.

கோமதி அக்கா கயலுக்கு முத்தம் கொடுக்க வந்திருந்தார். பதிலையும் அவரே வைத்திருந்தார்.

“என்ன சார் பேசறீங்க? துபாய் போனவன் பைக்க அவன் மச்சான் ஓட்டி வெக்கல? ஓட்டாம போட்டா பேட்டரி போயிடும்ல? அடுத்த வருஷம் புள்ளை வரும்போது வண்டி ரெடியா இருக்க வேணாமா? டயரு வெடிச்சிப் போயிடும் சார், சும்மா நிறுத்தினா.”

அப்பா அதை மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்தார். பயணியிடம் டிக்கெட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பாரே, அதே முகம். டிக்கெட் செல்லும்.

“அது சரி” என்றார். “காத்தடைச்ச டயரு. நிறுத்தி வெச்சா வீணாத்தான் போவும். வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டி வெக்கிறேன்.”

டாக்சியில் ஏறியபின் திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார், ஒரு கையில் பிரேக்கைப் பிடித்தபடி.

8

திரும்பி வந்தபின் ஒரு பழைய குடை வண்டியை யாரிடமோ வாங்கினோம். பிரபு ஆசைப்பட்டது போலவே மெலிசு. இன்று டிராம் தண்டவாளத்தில் மானத்தை வாங்கியது இதுதான்.

கயல் இன்னும் டிராமில் கையைத் தூக்குகிறாள். கதவு திறந்து யார் ஏறினாலும் இரண்டு கையும் மேலே போகிறது. ஏறுகிறவர்கள் புன்னகைத்து, கையசைத்து, தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்கள். நல்லவர்கள்தான், யாரும் தூக்குவதில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கையை இறக்கிக்கொள்கிறாள். ஒவ்வொரு வாரமும் அந்தக் காத்திருப்பு குறைந்துகொண்டே வருகிறது. இன்று நீலக் கோட் பெண்மணி அறிவுரை சொல்லி முடித்ததும் கயல் அவரைப் பார்த்துக் கை தூக்கினாள். அவர் திகைத்து, என்னைப் பார்த்து, “தூக்கலாமா?” என்று கேட்டார். தாராளமாக, என்றேன். பெல்ட்டைக் கழற்ற அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. ஆனாலும் கழற்றினார்.

வீட்டுக்கு வந்து, கழன்ற மூடியைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது ஸ்ரீரங்கத்திலிருந்து போன். அப்பா. பின்னணியில் ஹாரன்கள்.

“சுபா, பின்னாடி வலது சக்கரம் கீச்சுகீச்சுங்குதும்மா. தேங்காண்ணெய் விடலாமா?”

“வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டற வண்டி எப்படிப்பா அதுக்குள்ள சத்தம் போடும்?”

அவர் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல். “வாரத்துக்கு ஒரு தடவையா? காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுடி! இன்னிக்கி கோயில சுத்தி முழுசா ஒரு சுத்து. நான்தான் மூச்சு வாங்கிட்டு பின்னாடியே ஓடறேன். கேட்டா டயருக்காகவாம்.”

“வண்டிய பத்தி உனக்கு என்ன தெரியும், சும்மா வா” என்றார் அப்பா அவளிடம். பிறகு என்னிடம், “எண்ணெய் சொல்லும்மா” என்றார்.

எங்கள் ஆய்வகத்தில் கீல் சத்தம் போட ஆரம்பித்தால் உடனே எண்ணெய் விட மாட்டோம். எவ்வளவு உழைத்திருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்போம். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஹாரன்களுக்கு நடுவே கேட்டது. கீச்சு. கீச்சு. கீச்சு. இரண்டு கீச்சுக்கு நடுவே இருந்த இடைவெளி விந்தல் இல்லாமல் ஒரே சீராக இருந்தது.

“இப்ப ஒண்ணும் போட வேணாம்ப்பா. அப்படியே ஓட்டுங்க.”

“என்னம்மா நீ, சத்தம் கேட்டு வீதியே திரும்பிப் பாக்குது.”

“பாக்கட்டும்ப்பா” என்றேன்.